டப்பாவின் அடியில் ஒரு வரி

மீன் நல்லதா கெட்டதா என்று பார்க்க மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதாலேயே சந்தேகம் நமக்குக் கூடப்பிறந்தது. செவுளைத் தூக்கிப் பார்ப்போம், கண் உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்போம், விரலால் அழுத்திக் குழி எழும்புகிறதா என்று பார்ப்போம். கரிமேடு மீன் சந்தையில் கூடையோடு நிற்கிற எந்த அம்மாவும் இதில் தேர்ந்தவர்தான். அதே மீன் தகர டப்பாவுக்குள் போய் மூடி மடிக்கப்பட்டுவிட்டால் இந்த வித்தை ஒன்றும் செல்லாது. செவுளும் இல்லை, கண்ணும் இல்லை, வாடையும் வெளியே வராது. நம் மூக்குக்குப் பதிலாக வேறு யாராவது முகர்ந்து பார்த்தாக வேண்டும். அந்த வேலையைத்தான் சட்டம் அரசாங்கத்திடம் கொடுத்திருக்கிறது.

ஒத்தக்கடை டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சு வந்ததற்குக் காரணம், பக்கத்தில் டிபார்ட்மென்டல் ஸ்டோர் வைத்திருக்கும் தம்பி. அவர் கடையில் மீன் டப்பா நன்றாகவே போகிறதாம். விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் வாங்குகிறார்கள். சிங்கப்பூர், மலேசியா போய்வந்து சார்டின் சம்பல் ருசி கண்டவர்கள் வாங்குகிறார்கள். திருவாதவூர் முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் டின் மீன் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு அது அன்றாடச் சமையல்.

"அண்ணே, கெட்டுப்போன மீனுன்னு ரெய்டு போறதெல்லாம் கரிமேட்டுக்குத்தானே? டப்பாவ எவன்ணே வந்து பாப்பான்? சீல் போட்டதுல என்ன கெட்டுறப் போகுது?"

இரண்டு கேள்வி. இரண்டாவதிலிருந்து தொடங்குவதுதான் சரி. எங்கே கெடுகிறது என்று தெரிந்தால்தான் யார் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

கெடுவது எங்கே?

டப்பா மீன் மூன்று இடத்தில் கெடலாம்.

முதல் இடம் டப்பாவுக்கே வெளியே: படகு, மீன்பிடித் துறைமுகம், ஆலை வாசல். டப்பாவில் அடைக்கப்படும் மீன்களில் பெரும்பங்கு சூரை, அயிலை, சாளை வகைதான். இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீனை உடனே ஐஸில் போடாமல் சில மணி நேரம் வெயிலில் கிடக்கவிட்டால், பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதற்குப் பிறகு அந்த மீனை டப்பாவில் அடைத்து எத்தனை டிகிரியில் வேகவைத்தாலும் பாக்டீரியாதான் சாகும். ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். வீட்டில் குழம்பு வைத்து மறுபடி கொதிக்கவிட்டாலும் போகாது. தின்று சில நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்து, அரிப்பெடுக்கும். பார்த்தால் அலர்ஜி போலவே இருக்கும். "எனக்கு மீன் ஒத்துக்கல" என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். டப்பாவின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. இந்த வகை மீனில் ஹிஸ்டமின் கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது என்பது இந்திய வரம்பு. அதை அளந்து சொல்ல ஆய்வகம் வேண்டும். டப்பா உப்பாது, நாறாது, தேதியும் தாண்டியிருக்காது.

இரண்டாவது இடம் ஆலை. மீனை அடைத்து, மூடியின் விளிம்பையும் டப்பாவின் விளிம்பையும் சேர்த்து இரட்டையாக மடித்து அழுத்தி, ரிட்டார்ட் என்ற பெரிய அழுத்தக் கலனில் நீராவியில் வேகவைக்கிறார்கள். இதில் எல்லாரும் பயப்படுவது ஒரே ஒரு கிருமிக்கு: கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம். காற்றில்லாத இடம்தான் அதற்குப் பிடித்த இடம்; சீல் வைத்த டப்பா அதற்கு மாளிகை. புளிப்பு ஏறிய பண்டத்தில் அது வளராது. அமிலக் குறியீடு 4.6 என்பது எல்லைக்கோடு; மீன் அதற்கு மேலே, கிருமிக்குச் சாதகமான பக்கத்தில் இருக்கிறது. அதன் ஸ்போர் சாதாரணக் கொதிநிலையைத் தாங்கி உயிரோடு இருக்கும். அதனால்தான் டப்பாவின் நட்டநடுவில் இருக்கும் துண்டுக்கும் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 நிமிடத்துக்குச் சமமான சூடு போய்ச் சேர வேண்டும் என்று உலகம் முழுக்கக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ரிட்டார்ட்டில் ஒரு வால்வு கோளாறு, ஒரு ஷிஃப்டில் ஐந்து நிமிட அவசரம் இருந்தால் போதும்; வெளியே வரும் டப்பா பார்க்க நல்ல டப்பா மாதிரியேதான் இருக்கும்.

மூன்றாவது இடம் ஆலையிலிருந்து நம் கை வரை உள்ள தூரம். லாரியில் தூக்கி எறிந்ததில் மடிப்பு ஓரத்தில் சொட்டை விழுகிறது. மழைத்தண்ணீர் பட்டுத் துரு ஏறி ஊசிமுனைத் துளை விழுகிறது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக் குடோனில் அட்டைப்பெட்டி வாரக்கணக்கில் அடுக்கியிருந்தால், அதிகச் சூட்டில்தான் விழித்துக்கொள்ளும் ஒருவகை பாக்டீரியா உள்ளே வேலையைத் தொடங்குகிறது. அதில் சில இனம் வாயுவே உண்டாக்காது. டப்பா தட்டையாகவே இருக்கும், உள்ளே மட்டும் புளித்துப் போயிருக்கும். உப்பிய டப்பா கெட்டது என்பது உண்மை. உப்பாத டப்பா நல்லது என்பது உண்மையில்லை.

தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப எத வச்சுண்ணே கண்டுபிடிக்கிறது?"

ஒரு கிழிசலும் ஐந்து கோடி டப்பாவும்

இங்கேதான் கதை கொஞ்சம் வெளிநாடு போக வேண்டியிருக்கிறது. டப்பா மீன் சட்டம் எல்லாம் சாவிலிருந்து கற்றுக்கொண்ட சட்டம்.

1963-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் டப்பாச் சூரை மீன் சாப்பிட்டு இரண்டு பெண்கள், அந்தக் கிருமி உண்டாக்கும் போட்டுலிச நஞ்சால் இறந்தார்கள். 1971-இல் அதே நஞ்சு, இம்முறை டப்பா சூப்பில், நியூயார்க் பக்கம் ஒருவரைக் கொன்றது. 1973-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் புளிப்புக் குறைந்த டப்பா உணவுகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு ஆலையும் பதிவு செய்ய வேண்டும். எந்த மீன், எந்த அளவு டப்பா, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ரிட்டார்ட் சுற்றுக்கும் பதிவேடு இருக்க வேண்டும். ஆய்வாளர் ஆலைக்கு வந்தால் மீனைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பதிவேட்டைப் பார்ப்பார்.

1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நான்கு முதியவர்கள் ஒரே ஒரு டப்பா சால்மன் மீனைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். அந்த மீன் ஆலையில் சரியாகத்தான் வெந்திருந்தது. டப்பாவில் மிகச் சிறிய துளை இருந்தது. வெந்து முடிந்த டப்பா ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி வெளியே இருப்பதை உறிஞ்சும். அப்படி உறிஞ்சியபோது கிருமியும் உள்ளே போய்விட்டது.

நான்கு வருஷம் கழித்து, 1982-இல், பெல்ஜியத்தில் ஒருவர் அலாஸ்கா சால்மன் டப்பா சாப்பிட்டு இறந்தார். அந்த ஒரு டப்பாவை எடுத்துவைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். தகரத்தில் ஒரு சிறு கிழிசல். அது எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனார்கள். அலாஸ்காவுக்கு வெறும் டப்பாவை அனுப்பினால் கப்பலில் காற்றுக்குத்தான் வாடகை கொடுக்க வேண்டும். அதனால் டப்பாவின் உடம்பைத் தட்டையாக நசுக்கி அடுக்கி அனுப்புவார்கள். அங்கே ஒரு இயந்திரம் அதை மறுபடி உருளையாக்கும். அந்த இயந்திரம்தான் தகரத்தைக் கிழித்திருந்தது. ஒரு டப்பாவைக் கிழித்த இயந்திரம் இன்னும் எத்தனையைக் கிழித்ததோ என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களைத் திரும்பப் பெற்றார்கள். இறந்தது ஒருவர், கிழிந்ததாகக் கையில் சிக்கியது ஒரு டப்பா, கடைகளிலிருந்து இறங்கியது ஐந்து கோடி.

எதைத் திரும்பப் பெறுவது என்று எப்படித் தெரிந்தது? டப்பாவில் அச்சடித்திருந்த எண்களால். எந்த ஆலை, எந்த நாள், எந்த வரிசை என்று அந்த எண் சொன்னது. எண் இல்லாவிட்டால் உலகத்தில் உள்ள சால்மன் டப்பா அத்தனையையும் கொட்டியிருக்க வேண்டும், அல்லது ஒன்றையும் தொடாமல் விட்டிருக்க வேண்டும்.

நம் சட்டத்திலும் இதே நியாயம் எழுதப்பட்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 26: ஒரு தொகுதியைச் சேர்ந்த உணவு பாதுகாப்பற்றது என்று தெரிந்தால், அந்தத் தொகுதி முழுவதும் பாதுகாப்பற்றது என்றே கொள்ளப்படும், அப்படி இல்லை என்று சோதித்துக் காட்டினால் மட்டுமே விலக்கு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் வழக்கறிஞர் பாஷையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தச் சோறு எந்தப் பானையிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்வது டப்பாவின் அடியிலோ மூடியிலோ மங்கலாக அடித்திருக்கும் அந்த ஒரு வரி, பேட்ச் நம்பர். நாம் யாரும் படிக்காத வரி.

புழுவும் புரதமும்

தொகுதி பார்த்துச் சரக்கை இறக்குவதற்கு 2018 மார்ச்சில் இந்தோனேசியாவில் நடந்தது நல்ல உதாரணம். டப்பா அயிலை மீனுக்குள் செத்த புழு கிடப்பதாகப் புகார் கிளம்பியது. அந்த நாட்டு உணவு மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 66 பிராண்டுகளிலிருந்து 541 மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 27 பிராண்டுகளில் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு இருந்தது. 16 இறக்குமதி, 11 உள்நாட்டுத் தயாரிப்பு. அந்தத் தொகுதிகளைக் கடையிலிருந்து இறக்கச் சொன்னார்கள். நாட்டின் சுகாதார அமைச்சரோ, புழுவில் புரதம் இருக்கிறது, வெந்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்கிற மாதிரி பேசி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த மாதமே மலேசியாவிலும் சீனாவிலிருந்து வந்த சார்டின் டப்பாக்களில் அதே புழுவைக் கண்டுபிடித்தார்கள்.

உயிரியல் கணக்கில் அமைச்சர் சொன்னதில் பாதி சரி. வெந்து செத்த புழு வயிற்றில் போய்க் குடியேறாது. சட்டத்தின் கணக்கு வேறு. நம் நாட்டுச் சட்டத்தில் பாதுகாப்பற்ற உணவு எது என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அழுகிய, சிதைந்த, நோயுற்ற விலங்குப் பொருள் அதில் ஒன்று. புழு, வண்டு, பூச்சி தாக்கியது இன்னொன்று. புழு உயிரோடு இருந்ததா, அதில் எத்தனை கிராம் புரதம் என்று சட்டம் கேட்பதில்லை. காசு கொடுத்து மீன் வாங்கியவர் மீனைத்தான் எதிர்பார்க்கிறார். அதோடு விஷயம் முடிந்தது.

அதிகாரி கடைக்கு வந்தால்

"சரிண்ணே, எங்கடைக்கே வர்றாங்கன்னு வைங்க. என்ன நடக்கும்?"

உணவுக் கலப்படத்துக்கு எதிரான சட்டம் நம் பக்கம் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1918-லேயே ஒன்று இருந்தது. 1954-இல் நாடு முழுக்க ஒரே சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருக்கும் 2006-ஆம் வருஷச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுதாக அமலுக்கு வந்தது. இதன்படி உங்கள் வட்டாரத்துக்கு ஒரு உணவுப் பாதுகாப்பு அலுவலர், மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர் உண்டு.

அலுவலர் வந்து மாதிரி எடுத்தால், அதற்குக் கடை விலையைக் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பல கடைக்காரர்களுக்கே இது தெரியாது. மாதிரி நான்கு பங்கு. டப்பாவைப் பிளந்து பங்கு பிரிக்க முடியாது. அதனால் ஒரே பேட்ச் டப்பாக்களாகப் பார்த்து எடுப்பார்கள். ஒரு பங்கு அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். மதுரையிலேயே அதற்கு ஆய்வகம் இருக்கிறது. இரண்டு பங்கு நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நான்காவது பங்கை, கடைக்காரர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை எதிராக வந்தால் கடைக்காரரோ தயாரிப்பாளரோ 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்போது எடுத்துவைத்த பங்கு மேலாய்வகத்துக்குப் போகும்.

நாளிதழில் நாம் பார்ப்பது குழி தோண்டி மீனைக் கொட்டி பிளீச்சிங் பவுடர் தூவுகிற படம். வழக்கை நிற்க வைப்பது படம் இல்லை, இந்த நான்கு பங்கு. சீல் சரியில்லை, பேட்ச் எண் பொருந்தவில்லை, அறிவிப்புப் படிவம் கொடுக்கவில்லை என்று ஒரு ஓட்டை கிடைத்தால் நீதிமன்றத்தில் எல்லாம் கரைந்துவிடும்.

அறிக்கை என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும். தரம் குறைவு என்றால் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். லேபிள் பொய் என்றால் மூன்று லட்சம் வரை. இவை மாவட்ட வருவாய் அலுவலர் முன்னால் விசாரிக்கப்படும், சிறை கிடையாது. பாதுகாப்பற்றது என்றால் அது குற்ற வழக்கு. உயிர் போயிருந்தால் குறைந்தது ஏழு ஆண்டு, கூடினால் ஆயுள், அபராதம் பத்து லட்சத்துக்குக் குறையாது. இறந்தவர் குடும்பத்துக்குக் குறைந்தது ஐந்து லட்சம் இழப்பீடு என்பது தனி.

தம்பி சட்டென்று கேட்டார்: "நான் என்ன மீனையா புடிச்சேன்? அடைச்சு வந்தத விக்கிறேன். என்னைய எதுக்குண்ணே புடிக்கணும்?"

நியாயமான கேள்வி. பிரிவு 27 இதற்குத்தான். தயாரித்தவர், மொத்த வியாபாரி, சில்லறை விற்பவர் என்று யாருக்கு எது பொறுப்பு என்று அது பிரித்துச் சொல்கிறது. சில்லறைக் கடைக்காரர் மாட்டுவது குறிப்பிட்ட சில காரணங்களுக்கு: தேதி முடிந்ததை விற்றால், சுகாதாரமில்லாமல் வைத்திருந்தால், லேபிள் தவறானதை விற்றால், கெட்டது என்று தெரிந்தே வாங்கி விற்றால், யாரிடமிருந்து வாங்கினோம் என்று காட்ட முடியாமல் போனால். இந்தக் கடைசிக் காரணத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். டூவீலரில் பெட்டி கட்டி வந்து "எம்.ஆர்.பி-ல பாதி வெல, பில்லு கிடையாது" என்று இறக்குகிறவரிடம் வாங்கினால், அந்த டப்பாவுக்கு அப்பன் நீங்கள்தான். பில் இருந்தால் சட்டத்தின் கை உங்களைத் தாண்டி மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து ஆலைக்கும் போகும்.

வெளிநாட்டு டப்பாவுக்கு இன்னொரு சேர்க்கை. முறையாக இறக்குமதியானதென்றால், அதில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, 14 இலக்க உரிம எண் ஒட்டியிருக்க வேண்டும். துறைமுகத்தில் வந்து இறங்கும்போது ஆயுட்காலத்தில் 60 சதவீதமோ, முடிவதற்கு மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ அது மிச்சமிருக்க வேண்டும். வேறு நாட்டில் விலைபோகாமல் தேதி நெருங்கிய சரக்கை இங்கே தள்ளிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஸ்டிக்கரே இல்லாத டப்பா யாரோ ஒருவருடைய சூட்கேஸில் வந்தது. அது எத்தனை நல்ல மீனாக இருந்தாலும் கடையில் வைக்க வேண்டாம்.

லாரியில் வந்த மீன்

பச்சை மீனோடு ஒப்பிட்டால் டப்பாவின் அருமை புரியும். 2018 ஜூனில் கேரள அரசு ஆபரேஷன் சாகர் ராணி என்ற பெயரில் எல்லைச் சோதனைச் சாவடிகளில் மீன் லாரிகளை மறித்தது. செங்கோட்டையைத் தாண்டிய ஆரியங்காவில் மட்டும் ஒரே சமயத்தில் ஒன்பதரை டன்னுக்கு மேல் ஃபார்மலின் கலந்த மீன் சிக்கியது. போனது நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்துதான். பிணத்தைக் கெடாமல் வைக்கிற அதே ஃபார்மலின்; அதிலிருக்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. அதே வருஷம் ஜனவரியில்தான் கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு காகிதப் பட்டையை அறிமுகப்படுத்தியிருந்தது. மீனின் மேல் தேய்த்து மருந்து விட்டால், நிற மாற்றத்தைப் பார்த்தே ஃபார்மலின் இருக்கிறதா என்று சில நிமிடத்தில் சொல்லலாம். 2020 ஏப்ரலில், ஊரடங்கு சமயத்தில், அதே பெயரில் மறுபடி இறங்கிய கேரளம் ஒரு லட்சம் கிலோவுக்கு மேல் கெட்ட மீனைப் பிடித்தது.

பிடித்தார்கள், அழித்தார்கள். அதற்கு மேல்? ஒரு லாரியில் பத்துப் படகு மீன், நாலு வியாபாரி சரக்கு, ஐஸ் ஒரு இடம், பெட்டி ஒரு இடம். ஃபார்மலினை எவர் எங்கே ஊற்றினார் என்று மீன் சொல்லாது. போதாக்குறைக்கு, சில மீன்களில் இயற்கையாகவே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். அதற்காக உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரும்பாலான மீன்களுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம், இயல்பிலேயே அதிகம் உண்டாகும் சில வகைகளுக்கு 100 மில்லிகிராம் என்று தனித்தனி அளவு வைத்திருக்கிறது. வழக்கு அங்கேயே சிக்கலாகிறது. பச்சை மீனில் அமலாக்கம் பெரும்பாலும் குழியோடு முடிந்துவிடுகிறது. டப்பாவில் அது ஆலை வரை போக முடியும். போக வைக்கும் வரியை யாரும் படிப்பதில்லை என்பதுதான் குறை.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் சோதனை என்பது சாவுக்குப் பின்னால் வருகிறது. 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி இறந்ததும் தமிழ்நாடு முழுக்க ஷவர்மா கடைகளில் ரெய்டு. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஒரு சிறுமி இறந்ததும் மறுபடி ரெய்டு. செய்தி ஆறியதும் ரெய்டும் ஆறும். ஷவர்மாவுக்காவது சூடு தணிந்ததைக் கையும் நாக்கும் காட்டிக்கொடுக்கும். ஹிஸ்டமின் ஏறிய டப்பாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. செய்தி இல்லாத மாதத்தில், யாரும் புகார் சொல்லாத கடையில், அலமாரியிலிருந்து எடுத்துச் சோதிக்கிற மாதிரிதான் இதைப் பிடிக்கும். அலுவலர் எண்ணிக்கையும் ஆய்வக வசதியும் கூடாமல் அது நடக்காது.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது

அதுவரை சும்மா இருக்க வேண்டுமா என்றால், இல்லை.

வாங்கும்போது டப்பாவைத் திருப்புங்கள். இரண்டு முனையும் தட்டையாகவோ லேசாக உள்வாங்கியோ இருக்க வேண்டும். விரலால் அழுத்தி டொக்கென்று சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள். உடம்பில் சின்னச் சொட்டை பரவாயில்லை. மடிப்பு ஓரத்தில் சொட்டை, துரு, கசிவுக் கறை என்றால் வேண்டாம். தேதியும் பேட்ச் எண்ணும் படிக்கிற மாதிரி இருக்கிறதா, சுரண்டியோ மேலே ஸ்டிக்கர் ஒட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள்.

திறந்ததும் சீறினால், வாடை மாறியிருந்தால், நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். போட்டுலினம் நஞ்சு நன்றாகக் கொதித்தால் சிதையும் என்பது உண்மைதான். அதை நம்பிக் கெட்ட டப்பாவைக் குழம்பாக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு கண் இரண்டாகத் தெரிந்தால், பேச்சு குழறினால், விழுங்க முடியாவிட்டால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

முக்கியமானது இது: கெட்ட டப்பாவைக் கோபத்தில் குப்பையில் வீசாதீர்கள். கடைக்காரரிடம் கொடுத்து வேறு டப்பா வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உங்களுக்கு நஷ்டம் தீரும். அதே பேட்ச் டப்பா அடுத்த தெருவில் விற்றுக்கொண்டிருக்கும். பாலித்தீன் பையில் கட்டி, பெயர் எழுதி, குளிர்ப்பெட்டியில் பிள்ளைகள் கைபடாத இடத்தில் வையுங்கள். பேட்ச் எண், தேதி, உரிம எண், பில் நான்கையும் படம் எடுங்கள்.

சட்டத்தின் 40-ஆவது பிரிவு வாங்குகிறவருக்கே ஒரு உரிமை தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதனைக்குக் கொடுக்கலாம். பொருள் சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். இதைப் பயன்படுத்தியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான்: கெட்டது, தேதி முடிந்தது எல்லாவற்றையும் தனிப் பெட்டியில் போட்டு, விற்பனைக்கு அல்ல என்று எழுதி ஒட்டுங்கள். பில் இல்லாத சரக்கை இறக்காதீர்கள். ஒரே பேட்சில் இரண்டாவது புகார் வந்தால் மிச்சத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு, மொத்த வியாபாரிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் நீங்களே சொல்லுங்கள். சொன்னவரைச் சட்டம் பார்க்கிற விதம் வேறு, மறைத்தவரைப் பார்க்கிற விதம் வேறு.

வாசகர்களுக்கும் அதுவே. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. கெட்ட மீன் டப்பா கையில் வந்தால் படத்தோடு இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். பேட்ச் நம்பரைச் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாத புகாரை வைத்துக்கொண்டு அதிகாரியால் ஒரு டப்பாவைத்தான் பிடிக்க முடியும்.